மடியில் நூறு தோட்டா

அந்தப் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பங்குனி வெயில். தலைக்கு மேலே மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள்.

“குடுங்கம்மா அத,” என்றார் செக்ரட்டரி முருகவேல்.

“தர மாட்டேன்.”

“நீங்க நெரப்புனதுதானே? உங்க கையாலதானே நெரப்புனீங்க?”

“அதனாலதான் தர மாட்டேன்.”

வாட்ச்மேன் அந்தோணி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். “சார், அடகாக்குற கோழி கிட்ட போவாதீங்க. கொத்திப்புடும்.”

“ஆமாண்டா, அடதான் காக்குறேன். நீ போயி உன் கேட்டக் காத்துக்கோ.”

பெட்டிக்குள் இருந்தவை முட்டை அல்ல. ரைபிள் தோட்டா, நூறு. அன்று காலையிலிருந்து நாங்கள் கையால் நிரப்பியவை. மறுநாள் மூன்று மணிக்கு நோணாங்குப்பத்துக் கவிதா அதிலிருந்து அறுபதை எடுத்து, கன்னத்தை ரைபிள் கட்டையில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். கிளப் அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி அது.

அந்த நூறில் ஒன்று தப்பு. எது என்று எனக்குத் தெரியாது. தப்பு இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

எனக்கு அங்கே என்ன வேலை

போன வாரம் என் கல்யாணக் கதையைப் படித்த ஒரு வாசகி, “குருசுக்குப்பத்துப் பொம்பளை எப்படித் துப்பாக்கிக் கிளப்புக்குப் போனீர்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் துப்பாக்கியைத் தூக்கினவள் இல்லை. சத்தமே எனக்கு ஆகாது. மற்றவர்கள் சுடும்போது காதைப் பொத்திக்கொள்வேன்.

என் வேலை மருந்து நிறுப்பது.

கிளப்பின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. தோட்டா நிரப்ப வாங்கின அனுமதிக் காகிதம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, காயவைத்து, அடியில் நெருப்புப் பற்றவைக்கிற புதுக் கேப் வைத்து, உள்ளே மருந்து போட்டு, வாயில் குண்டை அழுத்தினால் மறுபடி தோட்டா. சொல்லும்போது பணியாரம் சுடுகிற மாதிரிதான் இருக்கும். பணியாரத்தில் உப்பு கூடினால் வாய் கரிக்கும். இதில் மருந்து கூடினால் ரைபிள் வெடிக்கும். அதற்கு அரை விரல்கடை தூரத்தில் ஒருவருடைய கண் இருக்கும்.

அந்த அறையை உண்டாக்கியவர் கப்பித்தேன் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் கேப்டனாக இருந்து, ரித்ரேத் என்கிற பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். எங்கள் கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, “பிலோமின், நீ முசியே பார்மசியில பொட்டலம் கட்டினவதானே? இன்னும் கை நடுங்காம இருக்கா?” என்று கேட்டார்.

கையை நீட்டிக் காட்டினேன். அப்போது ஐம்பத்தைந்து வயது. இலை மேல் வைத்த மாதிரி அசையாமல் இருந்தது.

மறுநாளே வேலை. அப்போதிருந்து இப்போது வரைக்கும் அந்த அறைச் சாவி என் இடுப்பில்தான். கப்பித்தேன் ஐயா கண்ணை மூடின பிறகும் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. முருகவேல் தம்பி வரும் வரைக்கும்.

கடைசிப் பொட்டலம்

பார்மசி கதையை இங்கே சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எனக்குப் பதினேழு வயது இருக்கும். சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள். அப்போதெல்லாம் பார்மசியில் மருந்தை அங்கேயே இடித்து, கலந்து, காகிதத்தில் மடித்துத் தருவார்கள். முசியே என்று நாங்கள் கூப்பிட்ட கடைக்காரர் தமிழர்தான். ஆனால் கோபம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். மடிப்பு அழகாக இருக்கிறது என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு மேசை மேல் ஒரு சீசாதான் இருக்க வேண்டும். இரண்டாவது சீசாவைக் கண்டால் கத்துவார். எல்லா மருந்தும் வெள்ளை மாவு. எது எது என்று யார் கண்டது? அதனால் ஒன்றை எடு, வேலையை முடி, மூடு, அலமாரியில் வை, பிறகுதான் அடுத்தது. வெள்ளை மாவு சிந்தினால் தெரிய வேண்டும் என்று மேசைக்குக் கறுப்பு விரிப்பு போட்டிருந்தார்.

இருபது பொட்டலம் கட்ட வேண்டும் என்றால், இருபதுக்கான மருந்தை முதலில் மொத்தமாக நிறுத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து மடிக்க வேண்டும். கிண்ணம் காலியாகிற நேரமும் இருபதாவது பொட்டலம் முடிகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் பத்தொன்பதாவதோடு கிண்ணம் காலி. நான் சமத்தாகச் சீசாவிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து இருபதாவதை மடித்துவிட்டேன். முசியே பார்த்துவிட்டார்.

“கடைசிப் பொட்டலம் கொறஞ்சா, முன்னாடி ஒண்ணு கூடியிருக்குன்னு அர்த்தம். அது யாரு வயித்துக்குப் போவும்? உன் வயித்துக்கா? பிரி எல்லாத்தையும்.”

இருபதையும் பிரித்தேன். ஏழாவதில் இரட்டை இருந்தது. காய்ச்சலோடு கிடந்த ஒரு குழந்தைக்குக் கட்டின மருந்து அது.

எனக்குப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது மூன்று வருஷம். அந்த ஏழாவது பொட்டலம் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு மத்தியானம். எது நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விசிறியும் வெள்ளைத் துணியும்

கப்பித்தேன் ஐயா அறையில் அதே சட்டத்தைத்தான் போட்டேன். மேசை மேல் ஒரு மருந்து டப்பாதான். துப்பாக்கி மருந்து கறுப்பும் சாம்பலுமாக இருக்கும், அதனால் விரிப்பு மட்டும் வெள்ளை. ஒரு மணி சிந்தினாலும் எறும்பு மாதிரி தெரியும்.

மின்விசிறி போடக் கூடாது. காற்று பட்டால் தராசு பொய் சொல்லும். இதற்காக நான் வாங்கின திட்டு கொஞ்சமில்லை. பங்குனி, சித்திரையில் அந்த அறைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சுவிட்சைத்தான் தேடுவார்கள். சுவிட்ச் மேல் பிளாஸ்திரி ஒட்டிவைத்தேன்.

போன் உள்ளே வரக் கூடாது. பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. அந்தோணி பீடியைக் காதில் சொருகிக்கொண்டு வந்து இரண்டு தரம் என்னிடம் அடி வாங்கியிருக்கிறான். கண்ணுக்குக் கண்ணாடி. விளக்கு வைத்த பிறகு வேலை இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கூட்டைக் கவிழ்த்துவைப்பது. ஐம்பது குழி போட்ட மரப் பலகையில் காலிக் கூடுகளைத் தலைகீழாக வைப்பேன். ஒன்றை நிமிர்த்து, மருந்து போடு, நிமிர்ந்தபடியே வை. அப்போது நிமிர்ந்தது நிறைந்தது, கவிழ்ந்தது காலி. நடுவில் பூகம்பமே வந்துவிட்டுப் போனாலும் எங்கே விட்டோம் என்று பலகையே சொல்லும். ஐம்பதும் முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு வாய்க்குள்ளும் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிந்தால்தான் குண்டு.

ஏன் இவ்வளவு? எங்கள் ரேஞ்சு, அதாவது சுடுகிற தூரம், குட்டை. அதனால் மருந்து கொஞ்சமாகத்தான் போடுவோம். கூட்டில் பாதிகூட வராது. இரண்டு தரம் போட்டாலும் வழியாது, சமர்த்தாக உள்ளே உட்கார்ந்துகொள்ளும். வழிந்தால் கண்ணில் படும். வழியாததுதான் ஆளைக் கொல்லும்.

பன்னிரண்டு மணி

முருகவேல் தம்பி கெட்டவர் இல்லை. வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இன்ஜினியருக்குப் படித்து, ஃபேக்டரியில் பெரிய வேலை. புதிதாகச் செக்ரட்டரி ஆனதும் எல்லாவற்றையும் வேகமாக்க வேண்டும் என்று நினைத்தார்.

அன்று காலை ஒரு புதுப் பிளாஸ்டிக் பலகையோடு வந்தார். அழகான நீலக் கலர். கூடுகள் அதில் நிமிர்ந்துதான் நிற்கும், கவிழ்த்தால் நிற்காது.

“இதான் இப்ப எல்லா எடத்துலயும் இருக்கு. மரப்பலகைய ஓரமா வைங்க. நீங்க ஒவ்வொரு வரிசையா நெரப்புங்க, நான் உடனுக்குடனே எடுத்து குண்டு வெச்சுடுறேன். பாதி நேரத்துல முடிஞ்சிடும்.”

“டார்ச் அடிச்சுப் பாக்கணுமே தம்பி.”

“தராசு கரெக்டா இருந்தா எதுக்கும்மா டார்ச்சு? டப்பாவுல இங்கிலீஷ் லேபிளே படிக்க மாட்டீங்க, டார்ச் அடிச்சு என்னத்த பாக்கப்போறீங்க?”

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அதுதான் என் முதல் தப்பு. ரோஷத்தோடு மருந்து நிறுக்கவே கூடாது.

நூறு அளவு மருந்தைக் கிண்ணத்தில் நிறுத்து வைத்துக்கொண்டு, நீலப் பலகையில் நிரப்பினேன். நான் வரிசை முடிக்க முடிக்க அவர் எடுத்துப் போய் மெஷினில் வைத்துக் குண்டை அழுத்தினார். பொழுது போனதே தெரியவில்லை.

பன்னிரண்டு அடித்தது. கோயில் மணி.

புதுச்சேரியில் எங்கள் சனங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியான மணி கேட்டால் கை தானாக நெற்றிக்குப் போகும். கையில் கரண்டி இருந்தாலும் சரி, ஊசி இருந்தாலும் சரி. எழுந்து நின்று, கண்ணை மூடி, மூவேளைச் செபத்தைச் சொல்லி முடித்தேன். சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கை அடுத்த கூட்டுக்குப் போனது.

அடுத்த கூடுதானா? அப்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. மரப் பலகையில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை என்பதால் பதினெட்டு வருஷமாக நான் அதைக் கேட்டுப் பழகவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து மீதியை நிரப்பினோம். நூறாவது கூடு. கரண்டியைக் கிண்ணத்தில் விட்டேன்.

கிண்ணம் காலி.

முருகவேல் தம்பி டப்பாவைத் திறந்து, ஒரு அளவு நிறுத்து, கூட்டில் போட்டு, குண்டை வைத்து, பெட்டியை மூடினார். “அவ்ளோதான். முடிஞ்சுது,” என்றார்.

அவர் கையிலிருந்த பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். மடியில் வைத்துக்கொண்டேன்.

“அப்ப தப்பு யாரோடது?”

இனி அந்த நாற்காலிக்கே திரும்பி வரலாம்.

“சிந்தியிருக்கும்மா,” என்றார் முருகவேல் தம்பி.

“துணியப் பாருங்க. ஒரு மணி இருக்கா?”

“ஒவ்வொண்ணுலயும் துளித்துளி கூடிப்போயிருக்கும். நூறுக்கு சேத்தா அவ்ளோ வரும்.”

“துளி கூடுனா துளி கொறையும் தம்பி. ஒரு முழு அளவு கொறஞ்சிருக்கு. ஒண்ணு ரெண்டு தரம் வாங்கினு உள்ள உக்காந்துகினு இருக்கு.”

“அது எப்படி ஆவும்?”

“மணி அடிச்சப்ப எழுந்தேன். உக்காந்து அதே கூட்டுலயே திரும்பப் போட்டுட்டேன்.”

அந்தோணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்ப தப்பு யாரோடது? உன்னோடதுதானே யக்கா?”

“என்னோடதுதாண்டா. அதுக்குத்தான் பெட்டி எம்மடியில இருக்கு. உன்னோடதா இருந்தா உம்மடியில இருக்கும்.”

அந்த நேரம் பார்த்துக் கவிதாவும் அவள் அப்பா தங்கராசும் வந்தார்கள். தங்கராசு நோணாங்குப்பம் போட் ஹவுஸில் படகு ஓட்டுகிறவர். அன்று சவாரியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மறுநாள் போட்டிக்குத் தோட்டா ஆயிற்றா என்று மகள் பார்க்க வேண்டுமாம்.

“பெரிம்மா, என்ன பெட்டிய கட்டிப்புடிச்சுகினு இருக்கீங்க?” என்று சிரித்தாள்.

நான் சொன்னேன். மறைக்கவில்லை. மணி, கூடு, கிண்ணம், எல்லாம். அவள் சிரிப்பு நின்றது. தங்கராசு மகளின் முகத்தைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை.

முருகவேல் தம்பி விடவில்லை. “நூறையும் நிறுத்துப் பாத்துடலாம். கூட இருக்கிறது தனியா காட்டிக்கும்.” நியாயமான பேச்சு. நிறுத்தோம். ஒன்று கனம், ஒன்று லேசு, ஒன்று நடுத்தரம். பித்தளைக் கூடு மூன்று விதம் கலந்து கிடந்தது. கூட்டின் கனத்துக்குள் மருந்தின் கனம் ஒளிந்துகொண்டது. தராசு கையை விரித்துவிட்டது.

“பெட்டியில எல்லாம் கலந்து கெடக்கு. நூறையும் பிரிக்கணும்,” என்றேன்.

“பிரிச்சு முடிக்கவே பொழுது போயிடும், திரும்ப நெரப்ப நேரம் ஏது? நாளைக்கு எதை வெச்சு சுடுவா? வேற கூடும் இல்ல, கடையில வாங்குனதும் இல்ல. ஒரு தோட்டாவுக்காக பொண்ணோட சான்ஸ கெடுப்பீங்களா?”

“ஒரு சான்ஸுக்காக பொண்ணோட கண்ண கெடுப்பீங்களா?”

முருகவேல் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னார். “சரிம்மா. பிரிக்கலாம். ஒண்ணும் இல்லேன்னா?”

இடுப்பிலிருந்து சாவியை உருவி மேசை மேல் வைத்தேன். “இல்லேன்னா இது உங்களோடது. நாளையிலேர்ந்து நான் வூட்டுல உக்காந்து செபமால உருட்டுறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அன், தெ, த்ருவா

தோட்டாவைப் பிரிக்கச் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் உண்டு. தலைக்குள் தோட்டாவை மாட்டி, மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். தேங்காய் உடைக்கிற வேகம் கூடாது, கதவு தட்டுகிற வேகமும் போதாது. எனக்குத் தோள் வலி. அந்தோணியைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அவன் அப்பாவும் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அதனால் அந்தோணிக்குப் பத்து வரைக்கும் பிரெஞ்சில் எண்ணத் தெரியும், அதைக் காட்டாமல் இருக்கத் தெரியாது. “அன்… தெ… த்ருவா…” என்று தட்டினான். பத்து ஆனதும் மறுபடி அன். நான் ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் கொட்டிப் பார்த்தேன். முள் நடுவில் நின்றால் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்தது. கவிதா பக்கத்தில் நின்று எத்தனை பத்து என்று விரல் மடக்கினாள்.

இருபது. எல்லாம் சரி.

நாற்பது. சரி.

முருகவேல் தம்பி ஜன்னல் பக்கம் போய் வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விசிறி சுவிட்சுக்கு ஒரு தரம் கை போனது. என்னைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

அறுபது. சரி. அந்தோணியின் குரலில் கேலி குறைந்து பாவம் பார்க்கிற தொனி வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “யக்கா, சிந்தியிருக்குமோ?” என்றான்.

“தட்றா.”

எழுபது. எண்பது. மேசை மேல் சாவி கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தேன். பார்க்காமல் இருப்பதும் பார்ப்பது மாதிரிதான். என் மனசே என்னிடம் கேட்டது: கிழவி, உனக்கு வயசாகிவிட்டதா? அளவுக் கணக்கில் காலையிலேயே கோட்டை விட்டாயா?

“…சேத், உய்த்…”

எண்பத்தெட்டாவது. மருந்தைத் தட்டில் கொட்டினேன். தட்டு டொக்கென்று கீழே போய் இடித்தது. முள் ஓரத்தில் போய் நின்றது. மெல்ல எதிர்த்தட்டில் இன்னொரு அளவுக்கான படிக்கல்லை வைத்தேன். முள் நடுவுக்கு வந்தது.

அச்சாக இரண்டு அளவு.

வெள்ளைத் துணியில் ஒரு நல்ல அளவைக் கொட்டி, பக்கத்திலேயே இதையும் கொட்டினேன். ஒன்று கடுகு தாளிக்கிற அளவு. இன்னொன்று அதன் இரட்டை. குழந்தைகூடச் சொல்லும்.

தங்கராசு குனிந்து அந்தக் குவியலைப் பார்த்தார். கைகூப்பினார். குவியலுக்கா எனக்கா என்று தெரியவில்லை. கவிதா தன் வலது கன்னத்தை உள்ளங்கையால் தொட்டுக்கொண்டாள்.

முருகவேல் தம்பி வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “கெடச்சிடுச்சு,” என்றார், காற்று போன குரலில். “போதும்மா. விட்டுடலாம்.”

“இன்னும் பன்னெண்டு இருக்கு.”

“அதான் கெடச்சிடுச்சே!”

“கெடச்சது ஒண்ணு. ஒண்ணுதான் இருக்குன்னு யாரு சொன்னா? தட்றா அந்தோணி.”

பன்னிரண்டும் தட்டினோம். பன்னிரண்டும் சரியாகவே இருந்தன. அந்தப் பன்னிரண்டைப் பிரித்ததில்தான் எனக்கு இன்றைக்கும் கர்வம். இரட்டையைக் கண்டுபிடித்தது கிண்ணம். மீதியைப் பிரித்தது நான்.

சாவியை எடுத்து முருகவேல் தம்பிதான் என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும்.

“லேபிள் விஷயம், நான் அப்படி பேசியிருக்கக் கூடாது.”

“லேபிள் படிக்கத் தெரியாதவ தம்பி நான். அதனாலதான் லேபிள நம்புறது கெடயாது. தெறந்து பாப்பேன். நீங்க படிச்சிட்டீங்க, தெறந்து பாக்க மறந்துட்டீங்க. ரெண்டும் சேந்தா நல்லது,” என்றேன். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

மறுநாள்

வெளிச்சம் வந்ததும் அறையைத் திறந்தேன். எனக்கு முன்னால் முருகவேல் தம்பி வந்து வாசலில் நின்றிருந்தார். கேட்காமலேயே போனை அந்தோணியிடம் கொடுத்தார். நீலப் பலகை எங்கேயோ போய்விட்டது. மரப் பலகையைத் துடைத்து மேசை மேல் வைத்தார். கூடுகளைக் கவிழ்த்துக்கூட வைத்தார், ஒரு வரிசை கோணலாக.

கலந்து கிடந்ததில் ஒரே விதக் கூடு மட்டும் எண்பது தேறியது. புதுக் குண்டு எடுத்தோம். எண்பது அளவு மருந்தைக் கிண்ணத்தில் நிறுத்து வைத்தேன். நிமிர்த்து, போடு, வை. நிமிர்த்து, போடு, வை. பலகை நிறைந்ததும் அவர் டார்ச் அடித்தார், நான் பார்த்தேன். பிறகு நான் அடித்தேன், அவர் பார்த்தார்.

எண்பதாவது கூட்டுக்குக் கரண்டியை விட்டபோது கிண்ணத்தில் சரியாக ஒரு அளவு இருந்தது. அவர் பெரிதாக மூச்சு விட்டார். மூச்சுக் காற்றில் தராசு ஆடியது. முறைத்தேன். மன்னிப்புக் கேட்டார்.

மூன்று மணிக்குப் போட்டி. ஆறு பேர் வரிசையாகப் படுத்துக்கொண்டு சுட்டார்கள். கவிதா மூன்றாவது. நான் பின்னால் நாற்காலி போட்டு, காதுக்கு மேல் மாட்டுகிறதை மாட்டி, அதற்கு மேல் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டேன். தங்கராசு உட்காரவே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோள் அதிர்ந்தது. பத்து ஆனதும் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவள் கையைப் பார்த்தேன். ரைபிள் பூட்டைப் பின்னால் இழுப்பாள், வெறுங்கூடு துள்ளி விழும், அடுத்ததை வைப்பாள், கன்னத்தை மெல்லக் கட்டையில் சாய்ப்பாள். அந்தக் கன்னம் ஒவ்வொரு தரமும் பயமில்லாமல் போய்ச் சாய்ந்தது. முதல் நாள் எல்லாவற்றையும் பார்த்த பெண் அவள்.

அறுபது முடிந்தது. ரைபிளைத் திறந்து, உள்ளே காலி என்று காட்டிவிட்டு எழுந்தாள்.

புள்ளிப் பலகையில் எண் எழுதினார்கள். முருகவேல் தம்பி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். முதல் இடம். அணியில் சேர்ந்துவிட்டாள். தங்கராசு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தோணி விசில் அடித்தான்.

கவிதா பலகைப் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். வலது கன்னத்தில் கட்டை அழுத்தின சிவப்புத் தடம். காதில் மாட்டியிருந்ததைக் கழுத்துக்கு இறக்கினாள்.

“பெரிம்மா,” என்றாள், மூச்சு வாங்க. “அறுபதும் ஒரே மாதிரி உதைச்சுது பெரிம்மா. ஒண்ணுகூட கூடல, ஒண்ணுகூட கொறயல.”

“பின்னே?” என்றேன்.